மல்லிகைப் பெட்டிக்குள் மதினியின் போன்

நாத்தனார் வாயால் மதினிக்கு நல்ல பேர் கிடைப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம் இல்லை. சொந்தக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், “அண்ணன் பெண்டாட்டிக்கு இப்படிக் காவடி தூக்குறாளே, இவளுக்கு என்ன வந்துச்சு?” என்று கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். என் மதினியைப் பற்றிக் குறை சொல்ல உட்கார்ந்தால் எனக்கு ஒன்றிரண்டுதான் தேறுகிறது. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் வெஞ்சனத்தில் உப்பைக் கொஞ்சம் தூக்கலாகப் போடுவார். டவுனுக்கு வந்தால் என் வீட்டு அலமாரியை என்னைக் கேட்காமலே அடுக்கி வைத்துவிட்டுப் போவார். அப்புறம் ஒரு வாரத்துக்கு எனக்கு ஒரு சாமானும் கைக்கு அகப்படாது. மற்றபடி அவரைப் பார்த்து நான் அசந்துபோன சமயங்கள்தான் அதிகம். அதில் பெரியது, அவருடைய போன் பெங்களூருக்குப் புறப்பட்டுப் போன நாள்.

திண்டுக்கல்லில் மணிக்கூண்டுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பெயருக்குத்தான் ஜெராக்ஸ். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கம்ப்யூட்டரில் விண்ணப்பம் போட வருகிறவர்கள். சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பு, கல்லூரிக் கலந்தாய்வு என்று எது போட்டாலும் கடைசியில் அவரவர் போனுக்கு ஒரு ரகசிய எண் வரும். அதைச் சொன்னால்தான் அடுத்த பக்கம் திறக்கும். “ஓடிபி வந்துச்சா?” என்று ஒரு நாளைக்கு நான் கேட்கிற அளவுக்கு என் வீட்டுக்காரரைப் பார்த்து “சாப்டீங்களா?” என்றுகூடக் கேட்டதில்லை.

அப்படிக் கேட்கிற நேரம் பார்த்துத்தான் போன்களுக்கு உடம்புக்கு முடியாமல் போகும். வெயிலில் நடந்து வந்தவர்களின் சட்டைப் பையிலிருந்து எடுக்கும்போதே தோசைக்கல் மாதிரி சுடும். விரலை வைத்து இழுத்தால் திரை நகராது. எண் வந்திருக்கிறது என்று தலையை மட்டும் காட்டிவிட்டு, எண்ணைக் காட்டாமல் அப்படியே நிற்கும். தோல் வியாபாரம் செய்யும் பாய் ஒருவர், போன் இப்படி நின்றுபோனால் பதற்றமே இல்லாமல் என் மேசை விசிறிக்கு முன்னால் அதைக் காட்டிக்கொண்டு நிற்பார். “செத்த காத்து வாங்கட்டும்மா, அதுக்கும் மூச்சு முட்டும்ல” என்பார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. என் போனாக இருந்தால் தட்டுவேன், திட்டுவேன், பக்கவாட்டுப் பொத்தானைக் கழுத்தை நெரிப்பதுபோல அமுக்கிப் பிடிப்பேன். அடி வாங்கித் திருந்திய போனை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆனாலும் கை கேட்காது.

என் மதினிக்கு வாய்த்திருந்தது இவை எல்லாவற்றையும்விட மோசமான போன். இருப்பதிலேயே மலிவான வகை. அதைக் கொண்டுதான் அவர் ஒரு வியாபாரத்தையே நடத்திக்கொண்டிருந்தார்.

அண்ணனுக்கு நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டம். விடிவதற்குள் மொட்டைப் பறித்து, சந்தையில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, சொன்ன விலையை வாங்கிக்கொண்டு வருவதோடு அண்ணனுக்குப் பூ வியாபாரம் முடிந்தது. மதினிக்கு அது போதவில்லை. பறித்த பூவில் ஒரு பங்கை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார். எங்கள் ஊரில் பிறந்து பெங்களூருக்கு வாக்கப்பட்டுப் போன பெண் ஒருத்தி அங்கே ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறாள். அவள் வழியாக அந்தக் குடியிருப்புப் பெண்கள் எல்லாரும் மதினிக்குப் பழக்கமானார்கள். காலையில் தோட்டத்திலிருந்தே மதினி வீடியோவில் பூவைக் காட்டுவார். மொட்டின் பருமனையும் காம்பின் நீளத்தையும் அவர்கள் கண்ணால் பார்த்து, கோயிலுக்கு இவ்வளவு, தலைக்கு இவ்வளவு, வளைகாப்புக்குத் தைத்த சடை ஒன்று என்று கேட்பார்கள். மதினி கட்டித் தயார் செய்து, தெர்மாகோல் பெட்டிக்குள் ஐஸ் பாட்டில்களை வைத்து, பூவை அடுக்கி, மேலே செய்தித்தாளை விரித்து மூடி, சுற்றிலும் டேப் ஒட்டுவார். பெட்டி பூ வேனில் திண்டுக்கல் பைபாஸுக்கு வரும். அங்கே பெங்களூர் பஸ்ஸில் ஏறும். மறுநாள் காலையில் அங்கே பெட்டியைப் பிரிக்கும்போது மொட்டு மொட்டாகவே இருக்கும்.

வீட்டுக்கே அந்த ஒரு போன்தான். அண்ணன் வைத்திருப்பது பட்டன் போன்; பேசலாம், கேட்கலாம், அவ்வளவுதான். “என் போன் சூடும் ஆகாது, மக்கரும் பண்ணாது” என்று அதில் அவருக்குப் பெருமை வேறு. ஆனால் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தால் காமெடி பார்க்க மதினியின் போனைத்தான் கேட்பார். அண்ணன் மகள் பாடம் பார்ப்பதும் அதில்தான். தோட்டத்து மோட்டாரைப் போட்டு நிறுத்துவதும் அதில்தான். இத்தனைக்கும் மேல் பூ வீடியோ. அது பாவம், எத்தனைக்குத் தாங்கும்? காலை வெயில் ஏறுவதற்குள் கொதிக்க ஆரம்பித்துவிடும். முதலில் வெளிச்சம் மங்கும். பிறகு கேமரா தானாக மூடிக்கொள்ளும். சில நாள் மதினி பேசிக்கொண்டிருக்கும்போதே எல்லாம் நின்றுபோய், அங்கே பெங்களூரில் அவர் முகம் பாதி வாய் திறந்தபடி அசையாமல் நிற்குமாம். அதைப் படம் பிடித்து அவருக்கே அனுப்பி அந்தப் பெண்கள் சிரிப்பார்கள். மதினியும் சேர்ந்து சிரிப்பார்.

நானாக இருந்திருந்தால் அந்தப் போன் என்றைக்கோ கிணற்றுக்குள் போயிருக்கும். மதினி அதன்மேல் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. பூவைப் பார்த்துக்கொள்கிற மாதிரியே அதையும் பார்த்துக்கொண்டார். வீடியோவுக்கு முன்னால் முதுகு உறையைக் கழற்றிவிடுவார். தோட்டத்து வரப்பில் ஒரு கம்பு நட்டு, அதில் பழைய குடையைக் கட்டி, அந்த நிழலில் நின்றுதான் பேசுவார். சார்ஜ் ஏறும்போது யாரையும் தொடவிட மாட்டார். அண்ணனின் காமெடிக்கும் அதே சட்டம்தான். இவ்வளவு செய்தும் கொதித்துவிட்டால், அதை அணைத்து, உலர்ந்த துண்டில் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, பூப்பெட்டிக்குள் செய்தித்தாளுக்கு மேலே கொஞ்ச நேரம் படுக்கவைப்பார். ஐஸும் படாது, தண்ணீரும் படாது, பெட்டியின் குளிர்ச்சி மட்டும் படும். மூடியை ஒட்டுவதற்கு முன்னால் எடுத்துக்கொள்வார்.

முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். “என்ன மதினி, போனையும் முழம் போட்டு விக்கப்போறீங்களா?” என்றேன்.

“சிரிக்காத தாயி. பூவும் சூடு தாங்காது, இதுவும் தாங்காது. ரெண்டையும் ஒண்ணாப் பாத்துக்கிட்டா வேலை முடிஞ்சது” என்றார். “நீ என்னமோ அதப் போட்டு அடிக்கிற. அது என்ன பண்ணும்? நாம அம்புட்டு வேலை வாங்குறோம்ல.”

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று தோன்றியது. அந்த வீட்டில் அம்புட்டு வேலை வாங்கப்படுவது போன் மட்டுமா? விடியலில் பூப் பறிப்பு, பிறகு சமையல், பூக்கட்டு, பெட்டி, மாடு, மகள் படிப்பு, அண்ணனின் நச்சரிப்பு என்று எல்லாம் அவர் தலையில்தான் விழுகிறது. அவர் கொதித்து நான் பார்த்ததே இல்லை. ஒரு வேலையில் சிக்கி இன்னொரு வேலையை மறந்து நின்றதும் இல்லை. அதை அவரிடம் நான் அப்போது சொல்லவில்லை. சொன்னால் நாத்தனார் கெத்து என்ன ஆவது?

அண்ணன் மகளுக்குக் கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் புத்தகப் பையை வைப்பதற்கு முன்னால் கொட்டகைக்குப் போய் மாட்டின் வாயைத் திறந்து பார்க்கிற ஜாதி அவள். மதிப்பெண்ணும் நன்றாகவே எடுத்துவிட்டாள். கலந்தாய்வில் சென்னை அரசுக் கல்லூரியில் அவளுக்கு இடம் வந்தது. வந்துவிட்டால் மட்டும் போதாது; குறித்த நாளில் மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் புகுந்து ‘சம்மதம்’ என்று அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் அந்த இடம் வரிசையில் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். அப்புறம் அழுதாலும் வராது. கடையில் இருந்துகொண்டு எத்தனையோ பிள்ளைகளுக்கு நான் அதை அழுத்திக் கொடுத்திருக்கிறேன்.

அந்த நாளுக்கு முந்தின நாளே அவள் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். என் கடைக் கம்ப்யூட்டரில் நான் அந்தப் பக்கத்தைத் திறப்பது, ரகசிய எண் மதினியின் போனுக்கு வந்ததும் அவர் கூப்பிட்டுச் சொல்வது, இவள் அதைத் தட்டி அழுத்துவது என்று ஏற்பாடு. பதிவு செய்தது மதினியின் எண்ணில்தான். அந்த வீட்டில் அதைவிட்டால் வேறு எது இருக்கிறது?

காலையிலிருந்து அந்தப் பக்கம் திறக்கவே இல்லை. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே வாசலில் முண்டியடித்தால் எப்படித் திறக்கும்? வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. மத்தியானச் சாப்பாட்டை நாங்கள் கம்ப்யூட்டருக்கு முன்னாலேயே சாப்பிட்டோம். சாப்பிட்டுக் கை கழுவி வரும்போது பக்கம் திறந்திருந்தது. அண்ணன் மகள் ஓடிவந்து அழுத்தினாள். எண்ணை அனுப்பிவிட்டோம் என்று செய்தி வந்தது. உடனே மதினிக்குப் போன் போட்டேன்.

அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் எனக்கு மூன்று பாஷைகளில் சொன்னது.

திரும்பப் போட்டேன். திரும்பச் சொன்னது. அண்ணன் மகள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். “அம்மா இன்னைக்குப் போனை அணைக்கவே அணைக்காதுல்ல அத்தை” என்றாள். அண்ணனின் பட்டன் போனுக்குப் போட்டேன். எடுத்தது மதினி.

“உனக்குத்தான் தாயி அடிக்க எடுத்தேன்” என்றார். “போனு பொட்டியோட போயிருச்சு.”

“எந்தப் பொட்டியோட?”

“பூப் பொட்டியோட. பெங்களூருக்கு.”

நடந்தது இதுதான். மறுநாள் அந்தக் குடியிருப்பில் ஒரு வளைகாப்பு. அதற்காகக் காலையில் வழக்கத்தைவிட அதிக நேரம் வீடியோ ஓடியிருக்கிறது. போன் கொதித்து நின்றுவிட்டது. சாயங்காலம் வரை அது பிழைத்துக் கிடக்க வேண்டுமே என்று மதினி அதை அணைத்து, துண்டில் சுற்றி, பெட்டிக்குள் வைத்திருக்கிறார். அப்போது மாடு அவிழ்த்துக்கொண்டது என்று சத்தம் கேட்டு ஓடியிருக்கிறார். என் அண்ணன் இருக்கிறாரே, கல்யாணமான நாள் முதல் ஒரு பெட்டிக்கும் டேப் ஒட்டி அறியாதவர், ‘இன்றைக்கு மகளுக்கு முக்கியமான நாள், பொண்டாட்டி ஒற்றை ஆளாக அல்லாடுகிறாள்’ என்று அன்றைக்குப் பார்த்து மனம் இளகி, மூடியைப் போட்டுச் சுற்றிச் சுற்றி டேப் ஒட்டி, வேனில் ஏற்றிவிட்டுப் பெருமையோடு வந்து நின்றிருக்கிறார்.

நான் கத்திவிட்டேன். அண்ணனைத் திட்டினேன், போனைத் திட்டினேன், பெங்களூரையே திட்டினேன். மதினி நான் மூச்சு வாங்குகிறவரை பொறுத்திருந்தார்.

“கத்துனா பொட்டி திரும்பி வருமா தாயி? வேன்காரத் தம்பிகிட்டப் பேசிட்டேன். பொட்டிய பஸ்ல ஏத்திட்டாராம், பஸ்ஸு கெளம்பிருச்சாம். வேடசந்தூர் தாண்டி டீக்கு நிப்பாட்டுவாங்க. கண்டக்டர் நம்பர் வாங்கி வச்சிருக்கேன், எழுதிக்க. உங்கண்ணன் பேர்ல தப்பு ஒண்ணுமில்ல, நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சாரு. நீ வண்டிய எடு.”

அந்த நிலைமையில் அண்ணனுக்குப் பரிந்து பேசவும் அவருக்கு நிதானம் இருந்தது. எனக்கு ஷட்டரை இழுத்துவிடும்போது பூட்டு எந்தக் கையில் இருக்கிறது என்றே தெரியவில்லை.

ஸ்கூட்டரில் கரூர் ரோட்டைப் பிடித்தோம். என் போன் பின்னால் அண்ணன் மகளின் கையில். அது பெரிய போன். வாங்கின புதிதில் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் நான் காட்டிக் கொண்டாடிய போன். அதில் அவள் கண்டக்டரைக் கூப்பிட்டாள். பஸ் எங்கே நிற்கும் என்று வரைபடத்தைப் போட்டாள். கலந்தாய்வுப் பக்கத்தையும் திறந்து வைத்தாள், போனதும் அழுத்தலாம் என்று. வெயிலில் திரை தெரியவில்லை என்று வெளிச்சத்தை உச்சத்துக்குக் கூட்டினாள். ஆடிக் காற்று எதிரே அடித்தது, அதிலும் அனல்தான். முன்னால் ஒரு மில் பஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டு ரோடு முழுவதையும் அடைத்துப் போனது. நான் ஹாரனை விடாமல் அழுத்தினேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண்கள் எங்களைப் பார்த்துக் கை காட்டிச் சிரித்தார்கள். நாங்கள் எதைத் துரத்திக்கொண்டு போகிறோம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

“அத்தை, போன் கையைச் சுடுது” என்றாள் பின்னாலிருந்து.

“சுட்டா சுடட்டும், கீழ போட்டுறாத” என்றேன்.

வேடசந்தூரைத் தாண்டியதும் ரோட்டோர டீக்கடையில் அந்தப் பஸ் நின்றது. அதைப் பார்த்த நிமிஷம் நான் ஸ்டாண்டு போடாமலே இறங்கியிருக்கிறேன். வண்டி சாய்ந்து விழுந்தது. கண்டக்டர் டீ கிளாஸோடு எங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

“போனைத் தேடி வந்த ஆளுக நீங்கதானா? அந்தம்மா எல்லாம் சொல்லுச்சு. டிரைவர் டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள எடுத்துக்கங்க” என்று பக்கவாட்டு டிக்கியைத் திறந்துவிட்டார்.

உள்ளே எல்லாம் வெள்ளைப் பெட்டிகள். எல்லாம் ஒரே அளவு. இதில் எதை இழுப்பது? அண்ணன் மகள் குனிந்து ஒரு பெட்டியை இழுத்தாள். அதன்மேல் விலாசம் எழுதியிருந்தது அவள் கையெழுத்தில்தான். டேப்பைப் பிரித்தால் பிரித்த இடத்தில் இன்னொரு டேப். அண்ணன் அன்றைக்கு மனசாரத்தான் ஒட்டியிருக்கிறார். கடைசியில் மூடி திறந்தபோது குப்பென்று மல்லிகை வாசனை கிளம்பியது. டீக்கடையில் நின்ற பயணிகள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். செய்தித்தாளுக்கு மேலே, துண்டுக்குள், பிளாஸ்டிக் பைக்குள், அந்த மலிவு போன் சமர்த்தாகப் படுத்துக் கிடந்தது. வெளியே எடுத்தேன். என் வாழ்நாளில் அதை அவ்வளவு குளிர்ச்சியாகத் தொட்டதில்லை. வெளிக்காற்று பட்டதும் கண்ணாடி முழுக்க வேர்த்துவிட்டது.

பொத்தானை அழுத்தப்போனேன். அண்ணன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம் அத்தை. சில்லுனு எடுத்த கையோட போடக்கூடாது. உள்ள தண்ணி கோத்திருக்கும். அம்மா எப்பவும் செத்த நேரம் வச்சிருந்துதான் போடும்.”

“நேரம் ஆகுதுடி!”

“என்ன பண்ண அத்தை? போட்டுக் கெட்டுப்போச்சுன்னா?”

சரி, அதற்குள் என் போனிலாவது பக்கத்தைத் திறந்து வைப்போம் என்று வாங்கிப் பார்த்தேன். திரை கறுத்திருந்தது. சூடு மிஞ்சிவிட்டது, ஆறும்வரை காத்திருக்கவும் என்று ஒரு எச்சரிக்கை மட்டும் நின்றது. வெயிலில், கையில் பிடித்தபடி, மூன்று வேலை ஒன்றாக வாங்கியதில் என் பெரிய போன் படுத்துவிட்டது. ஒரு கையில் சூடு அதிகமாகிப் படுத்த போன், இன்னொரு பக்கம் குளிர் அதிகமாகித் தொடக்கூடாத போன். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. என் போனைப் பெட்டிக்குள் வைக்கலாமா என்று கைகூட நீண்டுவிட்டது.

“அதையும் பெங்களூருக்கு அனுப்பப் போறீங்களாம்மா?” என்றார் கண்டக்டர்.

அண்ணன் மகள் அம்மாவின் போனை உள்ளங்கைகளுக்குள் பொத்தி, துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டாள். வருஷம் முழுக்க அந்தப் போனைக் குளிர வைக்கத்தான் அந்த வீடே பாடுபட்டது. இன்றைக்கு அதைச் சூடாக்க ரோட்டோரத்தில் ஒரு பிள்ளை அடைகாத்துக்கொண்டு நிற்கிறாள். பொத்திய கையோடே அவள் என்னிடம், “அத்தை, ஐஸு வீணாகுது, பொட்டிய மூடுங்க. பேப்பரை ஓரத்துல சொருகி விட்டுருங்க, இல்லாட்டி பூ கறுத்துரும்” என்று வேலை சொன்னாள். அவளுடைய இடமே பறிபோகிற நேரத்தில் யாரோ ஒருத்தியின் வளைகாப்புப் பூ கறுத்துவிடக்கூடாது. எனக்கு என் மதினியையே பதினேழு வயசில் பார்க்கிற மாதிரி இருந்தது. கண்டக்டர் கொடுத்த டேப்பால் ஒட்டிக் கொடுத்தேன். பஸ் புறப்பட்டது.

பிறகு கண்ணாடியைத் துடைத்து, அவள் பொத்தானை அழுத்தினாள். போன் உயிர் பெற்றது. என்ன ஓட்டம் ஓடியது தெரியுமா அது! ஐஸில் கிடந்து எழுந்த தெம்பில் தொட்டால் திறந்தது, இழுத்தால் நகர்ந்தது. ஒரு சுற்றும் சுற்றாமல் அந்தப் பக்கம் வந்து நின்றது. பழைய எண் காலாவதியாகிவிட்டது. புது எண் கேட்டு அனுப்ப வேண்டும். அதற்கு முன்னால் ‘சம்மதம்’ என்ற கட்டத்தைத் தொட வேண்டும். அவள் விரல் அந்தக் கட்டத்துக்கு மேலே போய் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது.

“என்ன, ஹேங் ஆயிருச்சா?” என்றேன் பதறிப்போய்.

“இல்ல அத்தை. போன் நல்லாத்தான் இருக்கு” என்றாள். “மெட்ராஸ் அத்தை. அம்புட்டுத் தூரம். நான் போயிட்டா அம்மாவுக்கு யார் இருக்கா? அப்பாவுக்கு டேப் ஒட்டவே தெரியல.”

கடையில் எத்தனை பிள்ளைகளை “அழுத்து, அழுத்து” என்று விரட்டியிருக்கிறேன். அன்றைக்கு அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவள் சொல்வதில் பொய் இல்லையே. மதினி பக்கத்தில் இவளும் இல்லாமல் அந்த வீட்டை என்னாலேயே நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவளே அப்பாவின் பட்டன் போனுக்குக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, சொன்னதையே சொன்னாள். “ரொம்பத் தூரம்மா.”

மதினி கொஞ்சமும் யோசிக்கவில்லை. “தூரமென்னடி தூரம்? நான் கட்டுன பூவு பெங்களூர் வரைக்கும் வாடாமப் போகுது. நான் பெத்தவ மெட்ராஸ் போக மாட்டியா? அமுக்கு.”

அமுக்கினாள். எண் வந்தது. தட்டினாள். உறுதி செய்யப்பட்டது என்று பச்சை எழுத்தில் வந்தபோது அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன், மறைக்கவில்லை. டீக்கடைக்காரர் கேட்காமலே இரண்டு டீ கொண்டுவந்து வைத்தார். போனை வாங்கி, “மதினி, முடிஞ்சது, இடம் நம்மளுது” என்றேன்.

“பொட்டிய ஒழுங்கா ஒட்டுனீங்களா? வளைகாப்புப் பூவு அது” என்றார்.

“ஒட்டியாச்சு மதினி.”

அப்புறம் சத்தமே இல்லை. இணைப்பு போய்விட்டது என்று நினைத்து, “மதினி? மதினி?” என்று கூப்பிட்டேன். “இருக்கேன் தாயி” என்று ஒரு குரல் வந்தது. என் மதினியின் குரல் நடுங்கி அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன்.

அண்ணன் மகள் சென்னைக்குப் போனாள். அவளுக்குத் தனியாக ஒரு போன் வாங்கிக் கொடுத்தார்கள். அண்ணன் இப்போது டேப் ஒட்டுகிறார். ஒட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் கையை விட்டுத் துழாவிப் பார்க்கிறார் என்று மதினி சொல்லிச் சிரித்தார்.

கார்த்திகை கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். மழை பெய்து தோட்டம் பச்சையாக இருந்தது. மதினி பூக்கட்டிக்கொண்டிருந்தார். போன் பக்கத்தில் கிடந்தது. பழக்க தோஷத்தில் அதைத் தொட்டுப் பார்த்தேன்.

“சில்லுனு கிடக்கே மதினி” என்றேன்.

“ஆமா. பாடம் பாக்க ஆளில்ல, படம் பாக்க உங்கண்ணனுக்கு நேரமில்ல. இப்பல்லாம் இது சூடே ஆகுறதில்ல தாயி” என்றார். இத்தனை வருஷம் அதற்காகத்தானே குடை பிடித்தார், ஐஸில் வைத்தார்? ஆனால் அதை அவர் ஒரு குறையைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

சாயங்காலம் மகள் வீடியோவில் வந்தாள். அன்றைக்கு ஒரு எருமை அவளை உதைத்துவிட்டதாம். எப்படி உதைத்தது, எங்கே போய் விழுந்தாள் என்று எழுந்து நின்று நடித்துக் காட்டினாள். மதினி பூவை மடியில் போட்டுவிட்டு, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தார். வெகுநேரம் பேசினார்கள். பேச்சின் நடுவில் சத்தம் அறுந்தது. மகள் தலையைப் பின்னால் சாய்த்து, பல் எல்லாம் தெரியச் சிரித்தபடி அப்படியே அசையாமல் நின்றாள்.

“ஹேங் ஆயிருச்சு. கொண்டாங்க மதினி, அணைச்சுப் போடுறேன்” என்று கையை நீட்டினேன்.

மதினி போனைக் கொடுக்காமல் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“இருக்கட்டும் தாயி” என்றார். “சிரிச்சமேனிக்கு நிக்கிறா. செத்த நேரம் பாத்துக்கிறேன்.”

தொட்டுப் பார்த்தேன். போன் நன்றாகச் சுட்டது. மதினி கையை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டாரே தவிர, அதைக் கீழே வைக்கவில்லை.